பத்துக்கு ஒன்பது

கேப்பிடல் லெட்டரில் எழுது என்று ஃபாரத்தின் மேலேயே போட்டிருக்கிறது. நீ பாட்டுக்குச் சின்ன எழுத்தில் எழுதிக்கொண்டு போகிறாய். பரவாயில்லை, அடித்துவிட்டு எழுது, இவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எங்கள் கான்வென்ட் சிஸ்டர் பெர்னதெத்தாக இருந்தால் தாளை இரண்டாகக் கிழித்துக் கையில் கொடுத்திருப்பார். அப்பாவா அது, தண்ணீர் கேன் பக்கத்தில் நிற்கிறவர்? நல்ல திடமாகத்தான் இருக்கிறார். ஆரம்பம்தான் என்றார்களா? எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

மருந்து நல்லதா என்று என்னைக் கேட்கிறாயே, நான் என்ன டாக்டரா? அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல்தானே உன் அப்பாவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் கொடுத்துப் பார்க்கிறார்கள். தெரிந்தால் மெடிக்கல் ஷாப்பில் விற்றுவிட்டுப் போக மாட்டார்களா? நடந்ததைச் சொல்கிறேன். நீ எழுதிக்கொண்டே கேள்.

என் பெயர் ஜெசிந்தா. பொன்மலைதான் வீடு. இவர் பெயர் அமலநாதன், கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷமும் வண்டியின் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போனவர், அதனால் பேச்சு கம்மி. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். இதில் ஒரு குறையும் வந்தது கிடையாது. போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு கேக் வாங்கப் போனார். மூன்று தரம் வாங்கி வந்தார். ஒரே கடை, ஒரே நாள். மூன்றையும் தின்று தீர்ப்பதற்குள் பொங்கல் வந்துவிட்டது. மகன் பெங்களூரில் இருக்கிறான், அவன்தான் போனிலேயே ஸ்கேன், டாக்டர் எல்லாம் ஏற்பாடு செய்தான். அல்சைமர், ஆரம்ப நிலை என்றார்கள். இவருக்கு அறுபத்தொன்று.

டாக்டர் மாதங்கியைப் பார்த்துவிட்டாயா? கண்ணாடி போட்டு, மெதுவாகப் பேசுவார். இந்த நோயில் மூளைக்குள் ஓயாமல் ஓர் அழற்சி இருக்கிறது, வீங்கின முட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முட்டி வலிக்குத் தின்கிற மாத்திரையின் பங்காளி ஒருத்தனைக் கொடுத்து அந்த வீக்கத்தைக் குறைத்தால் மறதி மெதுவாகுமா என்று பார்க்கிறார்களாம். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு உள்ளே வெறும் மாவு. யாருக்கு எது என்று அந்த அம்மாவுக்கே தெரியாது. "வயிறு எரிஞ்சா, வலிச்சா, மலம் கறுப்பாப் போனா, உடனே எனக்கு போன் பண்ணுங்க மேடம்" என்றார். இரண்டு தரம் சொன்னார். எனக்கு எதையும் இரண்டு தரம் சொன்னால் பிடிக்காது. நான் என்ன செவிடா?

ஒன்றரை வருஷம் கடைசி வரைக்கும் இருக்கிறவர்களுக்கு, மாவு தின்றவர்கள் உட்பட, நிஜ மருந்தே தொடர்ந்து கொடுப்பார்கள் என்றும் சொன்னார். அது ஒன்றுதான் எனக்குக் காதில் விழுந்தது. நடுவில் மட்டும் இவரை யாரும் வெளியே தள்ளிவிடக் கூடாது.

கூட வருகிற ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ஸ்டடி பார்ட்னர். உன்னையும் அப்படித்தான் எழுதச் சொல்லியிருப்பார்கள், மூன்றாம் பக்கத்தில் பார். இவருக்குக் கழுத்தை நீட்டிய நாளிலிருந்து எனக்கு வந்த ஒரே பிரமோஷன் அதுதான்.

முதல் நாள் பரிட்சை. அந்தப் பெண் சுகிர்தா இருக்கிறாளே, நீல கோட்டு, அவள்தான் பத்து வார்த்தை வாசித்தாள். படகு, தேங்காய், ஊசி, குடை, மணல், ஏணி, முயல், உப்பு, கதவு, பித்தளை. கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று தரம் வாசிப்பாள். எனக்கு முதல் தரத்திலேயே பத்தும் வந்துவிட்டது. உதடு அசைகிறது ஆன்ட்டி, வேண்டாம் என்று என்னைச் சத்தம் போட்டாள். இவருக்கு எத்தனை வந்தது தெரியுமா? நாலு.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது, "என்னங்க, முயலுமா மறந்து போச்சு?" என்றேன்.

"நாலு வந்துச்சுல்ல, ஜெசி" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

எங்கள் கான்வென்ட்டில் நாற்பது மார்க்குக்குக் கீழே போனால் அடுத்த கிளாஸ் கிடையாது. பத்துக்கு நாலு என்றால் நாற்பது. பார்டரில் நிற்கிறார். இன்னும் ஒன்று குறைந்தால் என்ன ஆகும், சொல்லு? நான் படித்தவள். எனக்குத் தெரியாதா?

மறுநாளிலிருந்து காலைப் பலகாரம் முடிந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தேன். கையில் கரண்டி. அடிக்க இல்லை, மேஜையில் தட்டத்தான். படகு, டொக். தேங்காய், டொக். முதல் வாரம் அஞ்சு. அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வாளாடி போனா லால்குடி, லால்குடி போனா புள்ளம்பாடி, அந்த மாதிரி வெச்சுக்கறேன் ஜெசி என்றார். படகு தாண்டினால் தேங்காய். தேங்காய் தாண்டினால் ஊசி. ஸ்டேஷன் ஸ்டேஷனாக நின்று நின்று போய்ப் பித்தளையில் இறங்குவார். இருபது நாளில் பத்தும் வந்தது. அந்த இருபது நாளில் நாங்கள் பேசின அளவுக்குக் கல்யாணமானதிலிருந்து பேசினதில்லை. பேச்சு என்றால் அந்தப் பத்து வார்த்தைதான்.

மூன்றாம் மாசம் வந்தால் அவள் வேறு பத்து வார்த்தை வாசிக்கிறாள்! கொஸ்டின் பேப்பரை மாற்றுவார்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? இவர் அவள் வாசித்ததில் மூன்றையும், என் பழைய லிஸ்டில் ஆறையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

சுகிர்தா சிரித்துவிட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, வீட்ல சொல்லித் தராதீங்க. இது பரிட்சை இல்ல, பாஸ் ஃபெயில் எல்லாம் கிடையாது. அங்கிளுக்கு எப்படி வருதோ அப்படியே வரட்டும்" என்றாள்.

பத்துக்கு இத்தனை என்று எழுதுகிற எதுவும் பரிட்சைதான். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்குமா? சரிம்மா சரிம்மா என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

கீழே கேன்டீனில் கரூரிலிருந்து திலகா என்று ஒருத்தி பழக்கம். அவள் புருஷனுக்கும் இதே மருந்து, இதே பரிட்சை, தேதி மட்டும் ஒரு வாரம் முன்னால். "அக்கா, உங்களுக்கு என்ன வார்த்தை வந்துச்சு?" என்று கேட்டாள். ஒப்பிட்டுப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் ஒன்றே. எந்த மாசத்துக்கு எந்த லிஸ்ட் என்பது எல்லாருக்கும் பொதுதான் போல. இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? ஆறாம் மாசம் அவர்கள் வந்து போன அன்றைக்கே போனில் சொன்னாள், நான் எழுதிக்கொண்டேன். டிக்டேஷனில் எனக்கு ஒரு தப்பு வராது. ஒரு வாரம் இருந்தது. கரண்டி, மேஜை, ஸ்டேஷன்.

பத்துக்கு ஒன்பது.

டாக்டர் மாதங்கி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "மேடம், வீட்லயும் ஏதாவது வித்தியாசம் தெரியுதா?" என்றார்.

"நிறைய டாக்டர்" என்றேன். அந்த நேரத்தில் எனக்கு நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. நீ சிரிக்காதே. சொல்லிக் கொடுத்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மருந்து வேலை செய்யாவிட்டால் சொல்லிக் கொடுத்தது மண்டையில் நிற்குமா? மாவு தின்கிற ஆளுக்கு ஒரு வாரத்தில் ஒன்பது வருமா? இவருக்கு நிஜ மருந்துதான் என்று மகனிடம் சொன்னேன். எங்கள் கோயிலில் நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்தேன். ஃபாதர் பீடத்திலிருந்து இவர் பெயரைப் படித்தார். இவர் யாரோ என்று திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் எப்படி இருந்தார் என்று கேட்கிறாயா? இருந்தார். ஒருநாள் காலையில் பச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு தெருமுனையில் நின்று, பால் வண்டிக்குக் கொடி காட்டிக்கொண்டிருந்தார். பால்காரன் நல்லவன், வண்டியை நிறுத்தி அவரையும் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டான். இங்கே ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள், வெளியே தனியாகப் போய்த் திரும்பி வருகிறாரா என்று இருக்கும். வருகிறார் என்று டிக் போட்டேன். வந்தாரே. பால் வண்டியில் வந்தார். வரவில்லை என்றா எழுத முடியும்?

இதெல்லாம் பெரிசில்லை. வயிற்றுக்கு வருகிறேன்.

நாலாம் மாசமே சொன்னார். "வயிறு எரியுது, ஜெசி." பசியாக இருக்கும் என்று பாலும் ரஸ்க்கும் கொடுத்தேன். தின்றார். மறுநாள் அதே நேரத்துக்கு, "வயிறு எரியுது." இவருக்குச் சாப்பிட்டது மறந்துவிடும், எட்டு மணிக்கு இட்லி தின்றுவிட்டு ஒன்பது மணிக்கு இட்லி எங்கே என்பார். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்தேன். "அந்த மாத்திரை எனக்கு வேண்டாம்" என்றார். காலையில் வேண்டாம், ராத்திரி வேண்டாம். அது நோய் பேசுகிற பேச்சு என்று நினைத்தேன். இங்கே கொடுத்த புத்தகத்தில் போட்டிருந்தது, மருந்து சாப்பிட அடம் பிடிப்பார்கள் என்று. பக்கத்தில் நின்று விழுங்க வைத்து, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்ப்பேன். "கறுப்பாப் போகுது, ஜெசி" என்று ஒருநாள் பாத்ரூமிலிருந்து குரல் கொடுத்தார். நேற்று ராத்திரி கேழ்வரகுக் கூழ்தானே குடித்தீர்கள் என்று அடுப்படியிலிருந்தே சொன்னேன். அடுப்பில் பால் இருந்தது. எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். பால் பொங்கினால் பொங்கட்டும் என்று போயிருக்கலாம். போகவில்லை.

தினமும் எழுத ஒரு கார்டு கொடுப்பார்கள், உடம்புக்கு என்ன செய்தது என்று எழுத. உனக்கும் கொடுப்பார்கள். நான் தேதி வாரியாக, கர்சிவ் எழுத்தில், 'நோ கம்ப்ளெய்ன்ட்ஸ்' என்று எழுதினேன். ஒரு நாள் விட்டதில்லை. இவ்வளவு அழகாக யாரும் எழுதினதில்லை என்று சுகிர்தாவே சொன்னாள். கம்ப்ளெய்ன்ட் என்று எழுதினால் மருந்தை நிறுத்துவார்கள். நிறுத்தினால் வெளியே. ஒன்பது மார்க் வாங்கின ஆளை யாராவது வெளியே விடுவார்களா?

ஆறாம் மாசத்துக்குப் பிறகு அவர் சொல்வதே நின்றுவிட்டது. மருந்து வயிற்றுக்குப் பழகிவிட்டது என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் மாசம். திலகா சொன்ன லிஸ்டோடு வந்தோம். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது, இங்கே படியேற முடியாமல் இரண்டு இடத்தில் நின்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சுகிர்தா ஆரம்பித்தாள். "மாலை, தராசு, நண்டு" என்றாள். மூச்சு விட ஒரு நொடி நிறுத்தினாள். மிச்ச ஏழையும் இவர் சொல்லிவிட்டார். வரிசை மாறாமல், நின்று நின்று, ஸ்டேஷன் சொல்கிற மாதிரியே. கடைசி வார்த்தையைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அந்தப் பெண் பேப்பரைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள்.

டாக்டர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. "மேடம், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க. சார்கிட்ட நான் தனியாப் பேசணும்" என்றார். அவர் சரியாகச் சொல்ல மாட்டார் டாக்டர், நான் கூட இருக்கிறேன் என்றேன். "சொல்லுவார் மேடம். அவர் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுத்தானே சேர்ந்தார்" என்றார். கையெழுத்துப் போட்டது அவர்தான், எங்கே போட வேண்டும் என்று நான் விரலால் காட்டினேன், அவ்வளவுதான்.

அரை மணி நேரம். என்ன பேசுவார் அரை மணி நேரம் அந்த மனுஷன்?

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். இவர் படுக்கையில் படுத்திருந்தார், சுகிர்தா ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். "சார் உங்ககிட்டச் சொல்லச் சொன்னதாலதான் சொல்றேன்" என்று ஆரம்பித்தார் டாக்டர். சத்தமே போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். வயிறு எரிகிறது என்று வீட்டில் தினமும் சொன்னாராம். மாத்திரை வேண்டாம் என்றாராம். 'அவளுக்கு நான் பாஸாகணும் டாக்டர். நிறுத்திட்டா அவ ஒடஞ்சு போவா. அதான் சொல்றதை விட்டுட்டேன்' என்றாராம். கறுப்பாகப் போவது மூன்று மாசமாக இருக்கிறதாம். தேதிகூடச் சொன்னாராம் ஒன்றிரண்டு.

தேதி ஞாபகம் இருந்திருக்கிறது பார். அதை எந்தப் பரிட்சையிலும் கேட்கவில்லை.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏழு பாயிண்ட்தான் இருந்தது. அன்றைக்கே அட்மிஷன், டியூபை விட்டுப் பார்த்ததில் வயிற்றில் புண், அதிலிருந்து கசிவு. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மகன் விடிகாலையில் வந்து சேர்ந்தான். நான் கேன்டீனுக்குப் போனேன். நாலு இட்லி சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பில்லை என்று அங்கே இருந்தவனோடு சண்டையும் போட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை. வரும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த மாதிரி நேரத்தில் மட்டும், தின்றது மருந்தா மாவா என்று உறையைப் பிரித்துப் பார்க்கலாமாம். பிரித்தார்கள். நிஜ மருந்து. நான் சொன்னேனே, அப்போதே சொன்னேனே. மகனிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். "அம்மா, கொஞ்சம் சும்மா இரு" என்றான். அவன் என்னிடம் அப்படிப் பேசினதே கிடையாது.

ஸ்டடியிலிருந்து வெளியே விட்டுவிட்டார்கள். விட வேண்டியதுதான். இவர் மார்க்கெல்லாம் எதற்கும் சேர்த்தி இல்லை, தனியாகக் குறித்து வைத்துவிட்டோம் என்றாள் சுகிர்தா. லிஸ்ட் யார் கொடுத்தது என்று கேட்டபோது சொல்லிவிட்டேன், திலகாவின் புருஷன் மார்க்கையும் அப்படித்தான். அவள் இப்போது என் போனை எடுப்பதில்லை. இத்தனை பேரின் வயிற்றையும் தலையையும் நம்பி ஊர் ஊராக ஒரு கணக்குப் போடுகிறார்கள் மேடம், அதில் நீங்கள் ஒரு தப்பு எண்ணை எழுதிக் கொடுத்தீர்கள் என்றார் டாக்டர். மருந்து மறதிக்கு ஏதாவது செய்ததா என்றேன். "உங்க வீட்டுக்காரரை வெச்சு இனிமே அதைச் சொல்ல முடியாது, மேடம்." ஒன்பது மாசம். ஒரு பதிலும் இல்லை.

மருந்து நல்லதா என்று கேட்டாயே, இதுதான் எனக்குத் தெரிந்தது. நீ உன் அப்பாவைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உன் அப்பாவைக் கேட்டுச் செய். பக்கத்தில் போய்க் கேள், இங்கேயிருந்து கத்தாதே.

புண் ஆறிவிட்டதா என்று பார்க்க மாசம் ஒரு தரம் வரச் சொல்கிறார்கள். அதற்குத்தான் இப்போது வருவது. இந்த மூன்று மாசத்தில் நிறையப் போய்விட்டது. மகன் பெயர் போய்விட்டது. வாளாடி, லால்குடி எல்லாம் போய்விட்டது. ஆனால் தினமும் காலையில் நான் கேட்பேன், "வயிறு வலிக்குதாங்க?" உடனே சொல்வார், "இல்ல ஜெசி. நல்லா இருக்கேன்." ஒரு எழுத்து மாறாது. போன மாசம் உள்ளே டாக்டர் கேட்டபோதும் அதேதான். கேட்டது டாக்டர், இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "நல்லா இருக்கேன்" என்றார். சாயங்காலம் ரத்த ரிப்போர்ட் வந்தது. மறுபடி குறைந்திருந்தது.

அதனால்தான் இன்றைக்கு நான் உள்ளே போகவில்லை. கதவையும் சாத்திக்கொள்ளச் சொன்னேன். நான் பக்கத்தில் இல்லை என்று தெரிந்தால் ஒருவேளை அந்த அம்மாவிடமாவது சொல்வார்.

உனக்குப் பின்னால் இருப்பது சுவர் இல்லை, வெறும் பிளைவுட். நான் வாயை மூடினால் உள்ளே பேசுவது இங்கே கேட்கும். எனக்குக் கேட்க வேண்டாம். இத்தனை நேரம் பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. நீ ஏதாவது பேசேன். பேசு, எதையாவது.